ஒல்லாந்து தேசத்தில் எமது அன்றாட வாழ்க்கை

[நமது சங்கத்தின் ஆடி மாதக் குடும்பக் கூட்டத்தில், நெதர்லாந்து தேசத்தில் உத்தியோகம் பார்த்துவரும் நம் அங்கத்தினர் ஒருவர் நிகழ்த்திய உபந்நியாசம்.]



யான் நம்மூரில் வந்திறங்கிய மறுநாளே நமது காரியதரிசி அவர்கள் என் இல்லத்திற்கு எழுந்தருளி, "நம் இளைஞர் அயல்நாடு செல்வதால் எய்தும் நன்மைகள்" என்னும் பொருள்பற்றிச் சில வார்த்தைகள் கூறவேண்டுமெனப் பணித்தார்கள். அவர்கள் சொல்லைத் தட்ட எனக்கு மனம் இல்லை. ஆயினும் அப்பொருள்பற்றிப் பேச யான் அருகனல்லன். நன்மைகளைக் கணக்கிட்டுக் கூறுதற்கு ஏற்ற தரகர்கள் பலர் இருக்கின்றனர். அவர்கள் விளம்பரங்கள் நும் இல்லந்தோறும் வந்துகொண்டேயிருக்கும். ஆதலின், அந்நாட்டில் எமது குடும்பம் காலை எழுந்தது முதல் இரவு உறங்கும் வரை என்ன செய்கின்றது என்பதை மட்டும் உள்ளவாறு எடுத்துரைக்க அவர்களிடம் உத்தரவு பெற்றுக்கொண்டேன். மகனை அயல்நாட்டுக்கு அனுப்பவோ, மகளை அங்கே மணம் செய்து கொடுக்கவோ எண்ணியிருக்கும் பெற்றோர் இச்சபையில் பலர் உளர் என்பதை அறிவேன். அவர்களை முன்னிட்டே பேசுகின்றேன்.

நெதர்லாந்து என்னும் பெயர் நம் முன்னோர்க்குப் புதிதன்று. பதினேழாம் நூற்றாண்டிலே பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை அமைத்து வாணிகம் நடத்திய உலாந்தாக்காரரின் தேசமே அது. நிலப்பரப்பில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு கடல்மட்டத்திற்குத் தாழ்ந்தது. நாம் போய் இறங்கும் ஸ்கிபோல் விமான நிலையமே ஒரு காலத்தில் பெரும் ஏரியாயிருந்த இடம். நீராவி யந்திரங்களால் நீரை இறைத்து 1852-ஆம் ஆண்டில் அதை வற்றச் செய்தனர். யாம் வசிக்கும் ஐந்தோவன் நகரமோ தென்பகுதியில் மேட்டு நிலத்தில் உள்ளது. "கடல் உள்ளே வந்துவிடாதா?" என்று என் அத்தை ஒவ்வொரு முறையும் வினவுவதால் இதைத் தெளிவுபடுத்துகின்றேன்.

ஐந்தோவன் 1891-இல் பிலிப்ஸ் குடும்பத்தார் மின்விளக்குத் தொழிற்சாலை தொடங்கியதிலிருந்து பெருநகராய் வளர்ந்த ஊர். அதன் அருகே வெல்ட்ஹோவன் என்னும் ஊரில் சிலிக்கன் சில்லுகளின்மேல் நுண்ணிய வரிகளை ஒளியால் பதிக்கும் மாபெரும் யந்திரங்கள் செய்யப்படுகின்றன. அத்தகைய யந்திரங்களுக்கு உறுப்புக்கள் செய்து கொடுக்கும் ஒரு சிறு கம்பெனியில் யான் 2014-ஆம் ஆண்டு பொறியாளனாய்ச் சேர்ந்தேன். என் மனைவி இங்கே தணிக்கைக் கணக்கராய் இருந்தவள். எமக்குப் பத்து வயதில் ஒரு மகளும், ஐந்து வயதில் ஒரு மகனும் உளர். இருவரும் அங்கேயே பிறந்தவர்கள்.

மார்கழி மாதத்தில் அங்கே சூரியோதயம் காலை எட்டரை மணிக்கும் பிற்பட்டது. மாலை நாலரைக்கெல்லாம் அஸ்தமனம். பள்ளிக்கூடமோ எட்டரைக்கே தொடங்குகிறது. ஆகவே ஆறரை மணிக்கு விளக்கேற்றிப் பிள்ளைகளை எழுப்புவதும், நால்வரும் நான்கு உடைகளுக்குமேல் மழையங்கி பூண்டு இருட்டிலே புறப்படுவதும் வழக்கம். மோட்டார் வண்டி உண்டு. ஆனால் பள்ளிக்கு அதில் செல்வோர் மிகச் சிலரே. அந்நாட்டில் ஜனத்தொகையினும் மிதிவண்டித் தொகை அதிகம். முன்புறம் பெரிய மரப்பெட்டி பொருத்திய மிதிவண்டி ஒன்றுண்டு. அதில் பிள்ளைகளையும் பைகளையும் வைத்துக்கொண்டு, மழையிலும் எதிர்காற்றிலும் தாய்மார் மிதித்துச் செல்லுங் காட்சியை முதன்முறை கண்டபோது, ஈதென்ன தண்டனை என்று எண்ணினேன். மூன்றாம் ஆண்டில் யானும் ஒன்று வாங்கினேன்.

பிள்ளைகளின் மதிய உணவு ஒரு சிறு டப்பாவில் அடங்கும். ரொட்டித் துண்டு இரண்டு, இடையில் பாலாடைக்கட்டி, அல்லது சாக்லேட் துகள். அவ்வளவே. வகுப்பறையிலேயே உபாத்தியாயருடன் உட்கார்ந்து கால்மணி நேரத்தில் உண்டு முடிப்பர். என் மனைவி முதல் ஆண்டு முழுதும் விடியற்காலையில் எழுந்து இட்டலி செய்து கொடுத்தனுப்பினாள். ஒருநாள் டப்பா திறக்கப்படாமலே திரும்பியது. மறுநாளும் அவ்வாறே. மூன்றாம் நாள் எம் மகள், "அம்மா, எனக்கும் ரொட்டி வேண்டும்" என்றாள். காரணம் கேட்டதற்கு, அது தின்ன நேரமாகிறது என்று மட்டுமே கூறினாள். வேறு காரணம் இருந்ததோ என்னவோ, பின்னர் யாம் அதைத் துருவவில்லை. இப்பொழுது இட்டலி சனி ஞாயிறுகளில் மட்டும்.

மாலை ஆறு மணிக்கு அத்தேசத்தார் இரவுணவு கொள்வர். அந்நேரத்தில் ஒருவர் வீட்டுக் கதவைத் தட்டுதல் மரியாதையன்று. நம் பிள்ளை அயல்வீட்டில் விளையாடிக்கொண்டிருந்தால், ஐந்தரைக்கே, "உங்கள் வீட்டில் சாப்பாடு ஆகியிருக்கும்" என்று அன்புடன் அனுப்பிவிடுவர். எம் வீட்டுக்கு வந்த ஒரு சிறுமியை, நம் வழக்கப்படி, இலைபோட்டு உட்காரவைத்து என் மனைவி உண்பித்தாள். அக்குழந்தை மூன்று தோசை தின்றது. சற்று நேரத்தில் அதன் தாய் பதறி ஓடிவந்து, தொந்தரவு கொடுத்தமைக்கு மன்னிப்புக் கேட்டாள். தொந்தரவென்னும் சொல் எமக்கு விளங்கவில்லை. எம் உபசாரம் அவளுக்கு விளங்கவில்லை. இப்பொழுது அச்சிறுமி வாரத்திற்கொருமுறை தானே வந்து உட்கார்ந்துகொள்கிறாள்.

இன்னொரு வழக்கம் கேளுங்கள். உற்றார் உறவினரின் பிறந்த நாட்களையெல்லாம் ஒரு நாட்காட்டியில் எழுதி அதைக் கழிப்பறைச் சுவரில் மாட்டி வைப்பார்கள். தினமும் தவறாமல் கண்ணிற்படும் இடம் அதுவே என்பது அவர்கள் நியாயம். எம் மகள் பள்ளியில் அவ்வாறொன்று செய்து கொணர்ந்து அவ்விடத்திலேயே தொங்கவிட்டாள். சென்ற ஆண்டு என் தந்தையார் அவர்கள் வந்திருந்தபோது, தம் திருநாமம் அங்கே எழுதப்பட்டிருக்கக் கண்டு இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. (சிரிப்பு.)

நிற்க. பணத்தைப்பற்றிச் சில வார்த்தை கூறாவிடின் காரியதரிசி அவர்கள் என்னை மன்னிக்கமாட்டார்கள். வெளிநாட்டிலிருந்து வரவழைக்கப்படும் தேர்ச்சியுள்ளோர்க்கு, சம்பளத்தில் நூற்றுக்கு 30 பங்குவரை வரியின்றி விடும் சலுகை ஒன்று அந்நாட்டில் உண்டு. தரகர்கள் இதைத்தான் பெரிய எழுத்தில் அச்சிடுகிறார்கள். அது என்றைக்கும் நிலைப்பதன்று என்பதைச் சிறிய எழுத்திலும் அச்சிடுவதில்லை. முன்னர் எட்டாண்டாயிருந்த அக்கால எல்லை 2019 முதல் ஐந்தாண்டாகக் குறைக்கப்பட்டது; எமக்கு 2020-ஆம் ஆண்டோடு முடிந்தது. வீட்டுக்கடனும், இரண்டாவது குழந்தையும், சலுகையின் முடிவும் ஒரே சமயத்தில் வந்து சேர்ந்தன.

பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்றால், நான்கு வயதுவரை குழந்தைகள் காப்பகத்திலும், அதன்பின் பள்ளிவிட்ட நேரத்தில் மற்றொரு காப்பகத்திலும் விடவேண்டும். அதன் கட்டணம் கேட்டால் நீங்கள் மலைப்பீர்கள். வருமானத்திற்குத் தக்கபடி ஒரு பகுதியைச் சர்க்கார் திருப்பித் தருகிறது. ஆனால் வேலை நேரமோ சம்பளமோ மாறினால் உடனே தெரிவிக்கவேண்டும். தவறினால் பெற்ற பணத்தைத் திருப்பிக் கட்ட நேரிடும். இவ்வுதவித்தொகை விஷயத்தில் வரி இலாகா ஆயிரக்கணக்கான பெற்றோரை, அவருட் பலர் வேற்றுநாட்டு வம்சத்தினர், மோசக்காரரெனத் தவறாகக் கருதிப் பெருந்தொகைகளைத் திருப்பிக் கட்டச் சொல்லி அவர்கள் வாழ்வைச் சீர்குலைத்தது. அவ்வநீதி வெளிப்பட்டு, 2021 ஜனவரியில் பிரதம மந்திரி ருட்டேயின் மந்திரிசபை முழுதும் ராஜிநாமாச் செய்தது. ஒரு சர்க்கார் தன் குற்றத்தை ஒப்புக்கொண்டு பதவி விலகியதை மெச்சுவதா, அதற்குள் எத்தனை குடும்பங்கள் நொறுங்கின என்று வருந்துவதா? என் மனைவி அந்நாள் தொட்டு மாதந்தோறும் முதல் தேதியில் அக்கணக்கைச் சரிபார்த்த பின்னரே காப்பி அருந்துவாள்.

குழந்தைப்பேறு பற்றித் தாய்மார்கள் என்னைத் தனித்தனியே கேட்டதால் இங்கேயே சொல்லிவிடுகின்றேன். அங்கே பிரசவத்தைக் கவனிப்பவர் பெரும்பாலும் மருத்துவச்சியே; சிக்கல் இருந்தால்தான் டாக்டர். பிரசவித்தபின் எட்டு நாள் வரையில் பயிற்சி பெற்ற ஒரு செவிலி வீட்டிற்கே வந்து, தாயையும் சேயையும் பேணி, பாலூட்டக் கற்பித்து, வீட்டையுங்கூட ஒழுங்குசெய்து செல்வாள். இன்ஷூரன்ஸ் முறையில் இது எல்லார்க்கும் கிடைப்பது. மகள் பிறந்தபோது என் மாமியார் வந்திருந்தார்கள். மகன் பிறந்த 2020-இல் கொள்ளைநோயினால் யாரும் வர இயலவில்லை. அந்தச் செவிலி ஒருத்தியே எமக்கு அந்த வாரம் முழுதும் தாயும் தமக்கையுமாயிருந்தாள். தந்தைக்கு 2015-இல் இரண்டு நாள் ரஜாவே கிடைத்தது. 2019-இல் அது ஒரு வாரமாயிற்று. 2020 ஜூலை முதல் மேலும் ஐந்து வாரம், சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது பங்குடன், சட்டத்தால் சேர்க்கப்பட்டது. மகளுக்கு முதன்முதல் எண்ணெய் தேய்த்து நீராட்டியவர் என் மாமியார், மகனுக்கு யான்.

அடுத்த ஆண்டில் என் தாயார் இங்கே காலஞ்சென்றார்கள். யான் வந்து சேரவில்லை. அதைப்பற்றி இச்சபையில் பேச எனக்கு ஆற்றல் இல்லை.

இனி, இவ்வுபந்நியாசத்தில் யான் சொல்லவந்த விஷயத்திற்கு வருகின்றேன்.

அங்கே வந்தபின் என் மனைவி தன் தொழிலை இழந்தாள். எம்போன்றோரின் மனைவியர் வேலைசெய்யச் சட்டத்தில் தடையில்லை. ஆயினும் கணக்கு வேலைக்கு அந்நாட்டு மொழி வேண்டும். குழந்தையை வைத்துக்கொண்டு, இரவு வகுப்புக்குச் சென்று மூன்றாண்டு டச்சு மொழி பயின்றாள். மீண்டும் மகப்பேறு, மீண்டும் பயிற்சி. கடைசியில் 2022-இல், ரயிலில் இருபது நிமிஷ தூரத்திலுள்ள ஸ்ஹெர்டோகன்பாஷ் நகரத்தில் வாரம் நான்கு நாள் வேலை கிடைத்தது. எட்டாண்டு கழித்துத் தன் பெயருக்கு முதற் சம்பளச் சீட்டு வந்த அன்று அவள் அதைப் பூஜையறையில் வைத்தாள். மகளை அயல்நாட்டில் மணம் செய்துகொடுக்க எண்ணும் பெற்றோர், மாப்பிள்ளையின் சம்பளத்தை விசாரிக்கும்போது இந்த எட்டாண்டையும் சேர்த்து விசாரிக்க வேண்டுகின்றேன்.

2023 நவம்பரில் ஒரு வியாழக்கிழமை. புயற்காற்றினால் ரயில்கள் நின்றுவிட்டன. என் மனைவி ஸ்டேஷனில் அகப்பட்டுக்கொண்டு எனக்குப் பதினொரு முறை டெலிபோன் செய்திருக்கிறாள். யானோ ஒரு முக்கிய ஆலோசனையில், டெலிபோனை ஒலியடக்கி வைத்திருந்தேன். காப்பகம் மூடும் நேரம் ஆறரை. யான் மூச்சிரைக்க மிதித்துச் சேர்ந்தபோது மணி ஆறு ஐம்பத்தைந்து. விளக்குகளெல்லாம் அணைக்கப்பட்டு, வாயிலருகே ஒன்றுமட்டும் எரிந்துகொண்டிருந்தது. பராமரிப்பாளப் பெண்மணி தம் மேலங்கியுடன் பெஞ்சியில் அமர்ந்திருந்தார்கள். இருபுறமும் மேலங்கி, தொப்பி, கையுறையுடன் என் மக்கள். அப்பெண்மணி என்னைக் கடிந்துகொள்ளவில்லை. "பெற்றோர் வராவிட்டால் யாரை அழைப்பது என்னும் இடத்தில் நீங்கள் ஒரு பெயரும் எழுதவில்லையே?" என்று மட்டும் கேட்டார்கள்.

சகோதரர்களே! அச்சீட்டில் இரண்டு வரி உண்டு. உள்ளூர் மக்கள் பாட்டன் பாட்டி, சிற்றப்பன், அத்தை என்று எழுதுவர். எமக்கு எழுத ஒரு பெயருமில்லை. இவ்வூரில் என் வீட்டிலிருந்து சங்கக் கட்டிடம் வரை நடந்தால், என் பிள்ளையைக் கேளாமலே தூக்கிக்கொண்டு போய்ச் சோறூட்டக்கூடியவர் நாற்பது பேர் இருப்பர். அங்கே பத்தாண்டு வாழ்ந்தும் இரண்டு வரி வெறுமையாய்க் கிடந்தன.

வீடு திரும்பும் வழியில் மகளிடம், "பயந்துவிட்டாயா கண்ணு?" என்றேன். அவள் டச்சு மொழியில் விடை சொன்னாள். யான் தமிழில் வினவ அவள் டச்சில் விடையிறுத்தது அதுவே முதல் முறை என்பதை அன்றிரவு என் மனைவி சொல்லித்தான் உணர்ந்தேன். அதற்குமுன் பல முறை நிகழ்ந்திருக்கலாம். உணர யான் வீட்டில் இருந்ததில்லை.

மறுநாள் பக்கத்து வீட்டு மூதாட்டியிடம் சென்று, தங்கள் பெயரை எழுதலாமா என்று கேட்டேன். "இத்தனை நாள் ஏன் கேட்கவில்லை?" என்றார்கள். ஒரு வரி நிரம்பிற்று.

அத்தேசத்தில் 2000-ஆம் ஆண்டு முதல் ஒரு சட்டம் உண்டு. 2016-இல் அது விரிவாக்கப்பட்டது. பத்துப் பேருக்குக் குறையாத தொழிலகத்தில் அரையாண்டு வேலைபார்த்த எவரும், தம் வேலை நேரத்தைக் குறைக்கவோ கூட்டவோ வேண்டுமென்று இரண்டு மாதம் முன்னதாக எழுத்துமூலம் கேட்கலாம். குறைக்கக் கேட்டால், தொழிலுக்கு உண்மையாகவே பெருந்தீங்கு நேருமெனக் காட்டினாலொழிய முதலாளி மறுக்கலாகாது. ஐரோப்பிய ஒன்றியத்தில் பகுதிநேர வேலை மிகுதியாயுள்ள தேசம் அதுவே. வாரத்தில் ஒருநாள் தகப்பன்மார் வீட்டிலிருந்து பிள்ளை வளர்ப்பதற்கு "பாப்பாதாக்" என்று ஒரு பெயரே வழங்குகிறது; அப்பா நாள் என்று பொருள்.

அதுகொண்டு அவர்களெல்லாம் பிறவியிலேயே சமத்துவம் கண்டவர்கள் என்று எண்ணிவிடாதீர்கள். அங்கே மணமான ஸ்திரீக்குக் கணவன் அநுமதியின்றி ஒப்பந்தம் செய்யச் சட்டப்படி தகுதியில்லை என்னும் நிலை 1956 வரை இருந்தது. சர்க்கார் உத்தியோகத்திலிருந்த பெண் மணம் செய்துகொண்டால் வேலையினின்றும் நீக்கப்படுவாள். கார்ரி தெண்டலோ என்னும் பெண் அங்கத்தினர் 1955-இல் பார்லிமெண்டில் இதனை எதிர்த்துத் தீர்மானம் கொணர்ந்து வென்றார். பெண்களின் சட்டத் தகுதியின்மையை நீக்கிய சட்டம் 1957 ஜனவரி முதல் தேதி அமலுக்கு வந்தபோது அவர் உயிரோடில்லை. இன்றுங்கூட அங்கே குறைந்த நாள் வேலைசெய்வோர் பெரும்பாலும் பெண்களே. ஆடவர் ஒருநாள் குறைப்பதை ஊர் புகழ்கிறது. பெண்டிர் இரண்டுநாள் குறைப்பதை ஒருவரும் கவனிப்பதில்லை. இது என் மனைவியின் வாக்கு. யான் மறுக்க முடியவில்லை.

விண்ணப்பம் எழுதிக் கொடுத்தேன். என் மேலதிகாரி படித்துப் பார்த்து, "எந்தக் கிழமை?" என்று மட்டும் கேட்டார். 2024 முதல் புதன்கிழமை எனக்கு வேலையில்லை. வெள்ளிக்கிழமை என் மனைவிக்கு இல்லை. சம்பளம் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. வரி படிப்படியாய் உயரும் முறையாதலின் கைக்கு வருவது அவ்வளவு குறையவில்லை. காப்பகச் செலவும் ஒருநாள் மிச்சம்.

மேலதிகாரியிடம் சொல்ல எனக்கு அச்சமில்லை. என் தந்தையாரிடம் சொல்லத்தான் அஞ்சினேன். நாற்பத்திரண்டு ஆண்டு, கடை அடைப்பு நாளன்றிக் கடையை மூடியறியாதவர்கள் அவர்கள் என்பது இச்சபைக்குத் தெரியும். ஒரு புதன்கிழமை அங்கே பட்டப்பகலில் யான் மகளுக்குத் தலைவாரிக்கொண்டிருப்பதை டெலிபோன் திரையில் கண்டு, "ஏனப்பா, இன்றைக்கு ரஜாவா?" என்றார்கள். ஆம் என்றேன். அடுத்த புதன் கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றேன். அதன்பின் புதன்கிழமைகளில் அவர்கள் அழைப்பை எடுக்காமலே விட்டேன். ஏழு மாதம் இவ்வாறு கழிந்தது. எனக்கு வேலை போய்விட்டதென்று அவர்கள் நிச்சயித்து, என் தமக்கையிடம் கூறாமல், பாங்கியில் ஒரு தொகையை என் பெயருக்கு ஒதுக்கி வைத்திருந்தார்கள் என்பது எனக்குப் பிற்பாடு தெரியவந்தது. அதை அறிந்த அன்று நான் பட்ட வெட்கம் சொல்லும் தரமன்று.

சென்ற 2025-ஆம் ஆண்டு வசந்தகாலத்தில் அவர்களை அழைத்துக்கொண்டேன். விருந்தினராய் வருவோர் 180 நாட்களில் 90 நாளே தங்கலாம் என்பது விதி. முதிய பெற்றோரை நிலையாய் உடன் வைத்துக்கொள்ள எளிய வழி யாதும் அந்நாட்டுச் சட்டத்தில் இல்லை. இதைப் பெற்றோர்கள் நன்றாய்க் கேட்டுக்கொள்ளவேண்டும். வீடு பெரிதாயிருக்கலாம், மகன் மனமும் பெரிதாயிருக்கலாம். தொண்ணூற்றோராம் நாள் எல்லைக் காவலர் அதைக் கேளார்.

புதன்கிழமை பள்ளி பன்னிரண்டரைக்கே முடியும். முதற் புதனன்று தந்தையாரை உடனழைத்துச் சென்றேன். பள்ளி வாயிலில் பெட்டி வண்டிகளோடு பத்துப் பன்னிரண்டு தகப்பன்மார் நின்றுகொண்டிருந்தனர். "இவர்கள் எல்லாருக்குமா வேலையில்லை?" என்று என் காதருகே கேட்டார்கள். ஒருவர் மருத்துவர், ஒருவர் தச்சர், ஒருவர் என் கம்பெனியில் எனக்கு மேலுள்ளவர் என்று சுட்டிக் கூறினேன். பதில் சொல்லவில்லை. அவ்வாயிலில் ஒரு டச்சுக் கிழவரும் வருவார். அங்கே பாட்டன் பாட்டிமார் வாரம் ஒருநாள் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வது பெருவழக்கு. மூன்றாம் வாரத்திலிருந்து இருவரும் ஒரே பெஞ்சியில் அமரலாயினர். இவர்கட்கு டச்சு தெரியாது. அவருக்குத் தமிழும் இங்கிலீஷும் தெரியா. அவர் ஒரு புதினா மிட்டாய் நீட்டுவார். இவர்கள் ஒரு துண்டு கற்கண்டு நீட்டுவார்கள். பிறகு இருவரும் வானத்தைப் பார்த்துக்கொண்டிருப்பர். கடைசி வாரங்களில் யான் புறப்படுமுன்னரே என் தந்தையார் நடந்து போய்விடுவார்கள்.

அவ்வாண்டு மாலைகளில் மகனுக்குத் தமிழெழுத்து கற்பித்ததும் அவர்களே. இப்பொழுது அவன் டச்சில் விடை சொல்லத் தொடங்கினால், மகளே, "தாத்தா கேட்டால்?" என்று தமிழில் அதட்டுகிறாள்.

நீச்சல் கல்வியைப்பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். கால்வாய்கள் அந்நாட்டில் மிகுதி. 1953 பிப்ரவரி முதல் தேதி விடியுமுன் கடல் அணைகளை உடைத்து 1,836 பேரைக் கொண்ட நினைவும் அவர்கட்கு உண்டு. ஆகவே ஐந்து, ஆறு வயதிலேயே பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்புவர். பரீட்சை விசித்திரமானது: மேற்சட்டை, கால்சட்டை, பாதரட்சையோடு நீரில் குதிக்கவேண்டும், ஏனெனில் கால்வாயில் தவறி விழுபவர் நீச்சலுடையில் விழுவதில்லை. நீருக்கடியில் தொங்கும் திரையிலுள்ள துவாரத்தின் வழியே நுழைந்து வெளிவரவேண்டும். என் மகள் நுழைந்தபோது, அவள் தலை மீண்டும் தெரியும்வரை யானும் மூச்சுவிடவில்லை. நம்மூர்க் குளங்களும் கிணறுகளும் ஆண்டுதோறும் எத்தனை பிள்ளைகளைக் கொள்கின்றன! நமது சங்கம் கலியாண மண்டபத்திற்கு வசூலிக்கும் நிதியில் சிறு பகுதியை இதற்குச் செலவிட்டால் என்ன என்று தோன்றியது, தோன்றியதைச் சொல்லிவிட்டேன்.

கலியாணம் என்றதும் நினைவு வருகின்றது. ஐந்து வயதானால் பள்ளிக்குச் செல்வது கட்டாயம்; பருவகாலத்தில் உத்தரவின்றிப் பிள்ளையை நிறுத்திக்கொண்டால் பெற்றோர்க்கு அபராதம். நெருங்கிய உறவினர் மணத்திற்கு ஓரிரு நாள் தலைமை உபாத்தியாயர் கொடுக்கலாம், அவ்வளவே. பெரிய விடுமுறை ஆறு வாரம். அது நேரே நமது ஆடி மாதத்தில் வந்து விழுகிறது. ஆடியில் நாம் சுபகாரியம் செய்வதில்லை. என் தமக்கை மகள் கலியாணம் தை மாதத்தில் நடந்தபோது யான் மட்டும் நான்கு நாள் வந்து போனேன். பத்து வயதான என் மகள் இதுவரை நம்மவர் கலியாணம் ஒன்றைக்கூடக் கண்டதில்லை. நாதஸ்வரம் என்றால் டெலிபோனில் கேட்கும் ஓசை என்றே நினைத்திருக்கிறாள்.

இன்னும் இரண்டாண்டில் அவளுக்குப் பன்னிரண்டு வயதாகும். அவ்வயதில் அங்கே உபாத்தியாயரின் கருத்தையும் ஒரு பரீட்சையையும் கொண்டு, பிள்ளைகளைத் தொழிற்கல்வி வழி, நடுநிலை வழி, சர்வகலாசாலை வழி எனப் பிரித்து வெவ்வேறு பள்ளிகளுக்கு அனுப்புகின்றனர். பின்னர் மாறலாமெனினும் எளிதன்று. அதற்குமுன் ஊர் திரும்புவதா, அங்கேயே நிலைப்பதா என்பதை யாம் முடிவுசெய்தாகவேண்டும். நிலைத்து அந்நாட்டுக் குடியுரிமை பெற்றால் நம் குடியுரிமையை விடவேண்டும். என் மனைவி தன் வேலையை இரண்டாம் முறை இழக்க ஒருப்படாள், அது நியாயமே. என் தந்தையார் அவர்கட்கு எழுபத்தைந்து வயது, அதுவும் நியாயமே. வெள்ளிக்கிழமை இரவுகளில் இதைப் பேசுகிறோம். ஞாயிறு இரவுக்குள் நிறுத்திவிடுகிறோம்.

ஒருநாள் சம்பளத்தை விட்டது பற்றி என் தந்தையார் கருத்து மாறிவிட்டதென்று யான் சொன்னால் அது பொய்யாகும். அவர்கள் இதோ முதல் வரிசையில் அமர்ந்திருக்கிறார்கள். புறப்படும் தினத்தில் விமான நிலையத்திலுங்கூட, "ஐந்திலொரு பங்கு வருமானத்தை விட்டுக் கடை நடத்துபவன் உண்டா?" என்றார்கள். பிறகு உள்ளே செல்லுமுன் திரும்பி வந்து, அந்தக் கிழவருக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு கற்கண்டுப் பொட்டலத்தை என் கையில் வைத்தார்கள். அடுத்த புதன்கிழமை கொடுத்துவிட்டேன். இந்த ஐப்பசியில் மீண்டும் தொண்ணூறு நாளுக்கு வருவதற்கு மனுப் போட்டிருக்கிறோம்.

வெளியே என் மகனின் குரல் கேட்கிறது. அவனைப் பார்த்துக்கொள்பவர் யாரென்று எனக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை.